கடிவாயிலிருந்து மூளை வரை

மனிதன் முதன்முதலாகப் பழக்கிய விலங்கு நாய். ஆடும் மாடும் அவன் வாசலுக்கு வருவதற்கு முன்பே நாய் வந்துவிட்டது. வேட்டையில் துணையாகவும், இரவில் காவலாகவும், பட்டியில் ஆட்டுக்குப் பாதுகாப்பாகவும் அது நம்மோடு வாழ்ந்து வருகிறது. நன்றிக்கு ஓர் உவமை சொல்ல வேண்டுமானால் நாம் நாயைத்தான் சொல்கிறோம். அத்தகைய நண்பனின் உமிழ்நீரில் சில வேளைகளில் காலனும் குடியிருக்கிறான் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சென்ற பருவத் தேர்வில் ரேபிஸ் வைரஸ் பற்றி ஐந்து மதிப்பெண் வினா ஒன்று வந்தது. படம் வரைந்து, பாகங்களைக் குறித்து எழுதினேன். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால் தேர்வு முடிந்த மூன்றாவது வாரமே அதே வினா எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்தது. அங்கே நான் எழுதிய விடை என்ன என்பதைப் பின்னர் கூறுகிறேன். முதலில் பாடத்தைப் பார்ப்போம்.

விலங்குகளிடமிருந்து வரும் மூளை நோய்கள்

விலங்குகளின் உடலில் வாழ்ந்து, வாய்ப்புக் கிடைக்கும்போது மனித மூளையைத் தாக்கும் வைரஸ்கள் பல உள்ளன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் பன்றிகளிலும், கொக்கு முதலிய நீர்ப்பறவைகளிலும் பெருகி, கியூலெக்ஸ் கொசுவின் வழியாக மனிதனை அடைகிறது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக 1955ஆம் ஆண்டில் நம் வேலூர்ப் பகுதியில்தான் அறியப்பட்டது. நிபா வைரஸ் பழந்தின்னி வௌவால்களில் வாழ்வது. அது 1998-99இல் மலேசியாவில் பன்றிகள் வழியாகப் பரவியது. 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டுப் பகுதியில் தோன்றிப் பல உயிர்களைக் கொண்டு சென்றது.

இவற்றுள் மிகப் பழமையானதும், மிகக் கொடியதும் ரேபிஸ். நம் மக்கள் இதனை வெறிநாய்க்கடி என்பர். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இந்தியர். கடிபடுவோரில் பத்துக்கு நால்வர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சலிலும் நிபாவிலும் நோய் கண்டபின் பிழைப்பவர்கள் உண்டு. ரேபிஸில் அறிகுறி தோன்றிய பின் பிழைத்தவர்கள் உலக வரலாற்றிலேயே மிகச் சிலர்தாம். ஆனால் விலங்கு கடித்த பிறகும், அறிகுறி தோன்றுவதற்கு முன் தடுத்துவிடக் கூடிய நோயும் இதுவே. பெரியம்மைக்கும் போலியோவுக்கும் முன்கூட்டியே தடுப்பூசி போட்டோம். இதற்கோ கடிபட்ட பின் போட்டாலும் பலிக்கிறது. தடுப்பதற்கு இத்தனை எளிதான நோய், வந்தபின் ஏன் இத்தனை கொடியதாகிறது? இவ்வினாவுக்கு விடை, அந்த வைரஸ் செல்லும் பாதையில் இருக்கிறது.

தோட்டா வடிவ வைரஸ்

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் ரேபிஸ் வைரஸ் துப்பாக்கித் தோட்டாவைப் போலத் தோன்றும். ஒரு முனை உருண்டை, மறுமுனை தட்டை. நீளம் சுமார் 180 நானோமீட்டர். அகலம் சுமார் 75 நானோமீட்டர். நெடுக்காக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வைரஸ்கள் வரிசையில் நிற்கும்.

அதன் உள்ளே ஒற்றை இழை ஆர்.என்.ஏ. சுருண்டு கிடக்கிறது. அதில் ஏறத்தாழ 12,000 நியூக்ளியோடைடுகள். அவை உண்டாக்கும் புரதங்கள் ஐந்தே ஐந்து. இருபதாயிரம் அளவுக்கு ஜீன்களைக் கொண்ட மனிதனை ஐந்து ஜீன்கள் கொண்ட ஒன்று வீழ்த்திவிடுகிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

வைரஸின் வெளிப்புறத்தில் கொழுப்பாலான உறை ஒன்று உண்டு. இவ்வுறையை வைரஸ் தானே செய்வதில்லை. தான் பெருகிய செல்லின் சவ்விலிருந்து போர்த்திக்கொண்டு வருகிறது. உறையின் மேல் கிளைக்கோபுரத முட்கள் நிற்கின்றன. செல்லைப் பற்றி உள்ளே நுழைய உதவுவன இம்முட்களே. இந்தக் கொழுப்புறையை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நரம்பு வழிப் பயணம்

வெறிபிடித்த நாய் கடிக்கும்போது உமிழ்நீரோடு வைரஸ் கடிவாய்க்குள் இறங்குகிறது. மற்ற பல வைரஸ்களைப் போல இது இரத்தத்தில் கலந்து உடலெங்கும் சுற்றுவதில்லை. தசையில் தங்கிச் சில வேளை அங்கேயே சிறிது பெருகுகிறது. பிறகு நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தை அடைகிறது. நாம் உடற்செயலியலில் படித்த அசிட்டைல்கோலின் ஏற்பிகள் அங்குதானே இருக்கின்றன! வைரஸ் அவற்றைப் பற்றிக்கொண்டு நரம்பு முனைக்குள் நுழைந்துவிடுகிறது.

நுழைந்தபின் அது தானாக நீந்திச் செல்வதில்லை. ஆக்ஸானுக்குள் நுண்குழல்கள் தண்டவாளம் போல நீண்டு கிடக்கின்றன. அவற்றின்மீது சரக்கு ஏற்றிச் செல்லும் இயக்கப் புரதங்கள் உண்டு. ஆக்ஸான் முனையிலிருந்து செல் உடலை நோக்கிச் செல்லும் அந்த வண்டியில் வைரஸ் பயணச்சீட்டு இல்லாமல் ஏறிக்கொள்கிறது. நாளொன்றுக்கு 12 முதல் 100 மில்லிமீட்டர் வரை அது செல்வதாக அளவிட்டிருக்கிறார்கள்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளர்ந்த மனிதனின் பாதத்திலிருந்து தண்டுவடம் வரை சுமார் ஒரு மீட்டர் தூரம். வேகமாகச் சென்றால் பத்து நாள்; மெதுவாகச் சென்றால் ஏறத்தாழ மூன்று மாதம். தசையில் தங்கும் காலம் இதற்குப் புறம்பு. பெரும்பாலோர்க்கு நோய் இரண்டு மூன்று மாதங்களில் வெளிப்படுகிறது. ஒரு வாரத்தில் வந்ததும் உண்டு. ஓராண்டு கழித்து வந்ததும் உண்டு. முகத்திலும் தலையிலும் கடிபட்டால் ஆபத்து அதிகம் என்பதற்கும், உயரத்தில் சிறிய குழந்தைகளுக்கு அது மேலும் அதிகம் என்பதற்கும் காரணம் இப்போது விளங்கும்.

இந்த நாள்களில் கடிபட்டவருக்கு ஒன்றுமே தெரியாது. புண் ஆறிவிடும். வயல் வேலைக்குப் போவார், திருவிழாவுக்குப் போவார். இரத்தத்தைச் சோதித்தாலும் எதுவும் தெரியாது. ஆனால் நரம்புக்குள் பயணம் நடந்துகொண்டே இருக்கும்.

மூளையை அடைந்த பின்

தண்டுவடத்தை அடைந்த வைரஸ் விரைவில் மூளைக்கு ஏறிப் பெருகுகிறது. 1903ஆம் ஆண்டில் இத்தாலியைச் சேர்ந்த அடெல்கி நெக்ரி என்பவர், வெறிநோயால் இறந்த விலங்குகளின் மூளைச் செல்களுக்குள் உருண்டையான சில துகள்களைக் கண்டார். நெக்ரி உருண்டைகள் எனப்படும் அவை ஹிப்போகேம்பஸ் பகுதியிலும், சிறுமூளையின் பர்கின்ஜி செல்களிலும் மிகுதியாகக் காணப்படும். வியப்பு என்னவெனில், நரம்புச் செல்கள் பெரும்பாலும் அழிவதில்லை. கட்டடம் இடியவில்லை, உள்ளே வேலை நின்றுபோகிறது.

முதலில் ஆறிப்போன கடிவாயில் குறுகுறுப்பும் எரிச்சலும் தோன்றும். காய்ச்சல் வரும். பிறகு கலக்கமும் வெறியும் உண்டாகும். சிலருக்கு வெறி தோன்றாமல் கை கால் செயலிழந்து போவதும் உண்டு. நோயின் தனி அடையாளம் நீர்வெறுப்பு. விழுங்க முயலும்போது தொண்டையிலும் மூச்சுத் தசைகளிலும் கடும் இழுப்பு ஏற்படுகிறது. நாளடைவில் நீரைக் கண்டாலே, காற்று முகத்தில் பட்டாலே அந்த இழுப்பு வந்துவிடுகிறது.

இதனை நான் நூலில் படிப்பதற்கு முன்பே கண்ணால் கண்டவன். எட்டாம் வகுப்பில் படித்தபோது எங்கள் தெருவில் மாடு மேய்க்கும் ஒருவரை நாய்க்குட்டி கடித்தது. பக்கத்து ஊரில் பச்சிலை வாங்கிச் சாப்பிட்டுப் பத்தியமும் இருந்தார். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் அவர் வீட்டுத் திண்ணையில் கூட்டம் கூடியிருந்தது. அவர் கையில் ஒரு தண்ணீர்த் தம்ளர். அவருக்குத் தாகம். தம்ளரை வாயருகே கொண்டு போகிறார், உடல் முழுவதும் உதறுகிறது, தண்ணீர் சிதறுகிறது. மறுபடியும் கேட்கிறார். நீர்வெறுப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் நீரை வெறுக்கவில்லை. அதற்காகத் தவித்தார். மூன்றாம் நாள் இறந்துபோனார்.

மூளையில் பெருகிய வைரஸ் அங்கே நின்றுவிடுவதில்லை. நரம்புகள் வழியாகக் கீழிறங்கி உமிழ்நீர்ச் சுரப்பிகளை அடைகிறது. விழுங்க முடியாமல் உமிழ்நீர் வாயில் தேங்குகிறது. மூளை கலங்கிய நாயோ கண்டதையெல்லாம் கடிக்கிறது. ஒரே வைரஸ் நாயின் வாயில் விஷத்தையும், மூளையில் கடிக்கும் வெறியையும் ஒரே காலத்தில் வைத்துவிடுகிறது. தான் அடுத்த உடலுக்குச் செல்ல இதைவிடச் சிறந்த ஏற்பாடு வேறொன்று இருக்க முடியாது.

பாஸ்டர் நடத்திய பந்தயம்

1880களில் ரேபிஸ் வைரஸை எவரும் கண்டதில்லை. குடுவையில் அதனை வளர்க்கவும் இயலவில்லை. பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் அதனை முயல்களின் மூளையில் வளர்த்தார். நோயுற்ற முயலின் தண்டுவடத்தை எடுத்து உலர்ந்த காற்றுள்ள குடுவையில் தொங்கவிட்டார். நாளாக ஆக அதன் வீரியம் குறைந்தது. இரண்டு வாரத்தில் நோய் உண்டாக்கும் ஆற்றலே இல்லாமல் போயிற்று. இந்தப் பழைய தண்டுவடத்தில் தொடங்கி, நாள்தோறும் சற்றுப் புதியதைச் செலுத்தினால் உடல் எதிர்ப்பாற்றல் பெறும் என்பதை நாய்களிடம் கண்டறிந்தார்.

1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனை அவனுடைய தாய் பாஸ்டரிடம் அழைத்து வந்தாள். உடலில் பதினான்கு இடங்களில் நாய்க்கடி. பாஸ்டர் மருத்துவர் அல்லர். ஊசி போடும் உரிமை அவருக்கு இல்லை. கிராஞ்சே என்ற மருத்துவர் ஊசி போட, பாஸ்டர் உறக்கமின்றிக் காத்திருந்தார். பதின்மூன்று ஊசிகள் போடப்பட்டன. சிறுவன் பிழைத்தான்.

பாஸ்டர் செய்தது ஒரு பந்தயம். தடுப்பூசி போட்டபின் உடல் எதிர்ப்பொருள்களை உண்டாக்க ஒன்றிரண்டு வாரமாகும். வைரஸ் மூளையை அடையப் பல வாரமாகும். எதிர்ப்பொருள் முந்திக்கொண்டால் உயிர் பிழைக்கும். வைரஸ் முந்தி மூளைக்குள் புகுந்துவிட்டால், நரம்புச் செல்லுக்குள் ஒளிந்துகொண்ட அதனை எதிர்ப்பொருளால் எட்ட முடியாது. கடிபட்ட பின் போடும் ஊசி பலிப்பதும், அறிகுறி வந்தபின் போடும் ஊசி பலிக்காததும் இதனால்தான். கடிவாய்க்கும் மூளைக்கும் இடையே உள்ள அந்தச் சில வாரங்களே மனிதனுக்குக் கிடைத்த தவணை.

தொப்புளைச் சுற்றிய ஊசி

தென்னிந்தியர்க்கு 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் அமைந்தது. அதற்கு முன் கடிபட்டவர் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலிக்குத்தான் போக வேண்டும். அந்தக் கசௌலியில் 1911ஆம் ஆண்டு டேவிட் செம்பிள் என்பவர் ஆட்டு மூளையிலிருந்து ஒரு தடுப்பு மருந்தை உருவாக்கினார். வயிற்றில் நாள்தோறும் போடப்பட்ட அந்த ஊசிதான் நம் பாட்டன்மார் 'தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி' என்று அஞ்சியது. அதில் நரம்புத் திசு கலந்திருந்ததால் சிலருக்குப் பக்கவாதம் போன்ற பின்விளைவுகளும் ஏற்பட்டன.

அந்த ஊசி இன்று இல்லை. 2005 முதல் இந்தியாவில் அது வழக்கொழிந்துவிட்டது. இப்போது செல் வளர்ப்பு முறையில் செய்த தடுப்பூசி கையில்தான் போடப்படுகிறது. தோலுக்குள் போடுவதானால் முதல் நாள், 3, 7, 28ஆம் நாள்கள். தசையில் போடுவதானால் இவற்றோடு 14ஆம் நாளும். இரத்தம் வரும்படி கடிபட்டவர்க்கு, உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கும் வரை காத்திராமல், ஆயத்தமான எதிர்ப்பொருளையே கடிவாயில் செலுத்துகின்றனர். ஊசி மாறியது; அச்சம் மட்டும் மாறவில்லை. அந்த அச்சத்தால் பச்சிலையை நாடுவோர் இன்னும் இருக்கின்றனர்.

பச்சிலை ஏன் பலிக்கிறது?

பச்சிலை கொடுப்பவரை நான் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் கொடுப்பவர் காசு வாங்குவதில்லை. அவரிடம் சென்ற நூற்றுக்கணக்கானோர் நலமாக இருக்கின்றனர் என்பதும் உண்மை. அப்படியானால் பச்சிலை பலிக்கிறது என்றுதானே பொருள்?

இங்குதான் அறிவியல் மாணவன் நின்று சிந்திக்க வேண்டும். கடிக்கும் நாய்களில் பெரும்பாலானவை வெறிநாய்கள் அல்ல. நோயற்ற நாயிடம் கடிபட்ட நூறு பேர் பச்சிலை தின்றால் நூறு பேரும் பிழைப்பர். வெல்லம் தின்றாலும் பிழைப்பர். பிழைத்தவர்கள் பச்சிலையின் புகழைப் பாடுவர். இறந்தவர் பேச மாட்டார். எங்கள் தெருக்காரர் இறந்தபோது ஊரில் சொன்னது என்ன தெரியுமா? "பத்தியத்தை முறிச்சிட்டான்" என்றார்கள். பிழைத்தால் மருந்தின் பெருமை, இறந்தால் நோயாளியின் குற்றம் என்று வைத்துவிட்டால் எந்த மருந்தும் தோற்காது. தோற்க முடியாத மருந்தைச் சோதிக்கவும் முடியாது.

தடுப்பூசி சோதிக்கப்பட்டது. ஈரான் நாட்டில் வெறிபிடித்தவை என ஆய்வில் உறுதி செய்யப்பட்ட ஓநாய்களாலும் நாய்களாலும் கடுமையாகக் கடிபட்ட 45 பேருக்குச் செல் வளர்ப்புத் தடுப்பூசியும் எதிர்ப்பொருளும் தரப்பட்டன. ஒருவர்கூட இறக்கவில்லை. 1976இல் வெளியான இந்த முடிவே சான்று எனத்தக்கது. கடித்த விலங்கு நோயுற்றது என்று தெரிந்த இடத்தில் பிழைப்பதே பிழைப்பு.

எங்கள் வீட்டு வாசலில்

மார்கழி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆறாம் வகுப்புப் படிக்கும் என் தம்பி தெருவில் ஒரு நாய்க்குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தான். காலைப் பிடித்துக்கொண்டு வந்தான். கெண்டைக்காலில் இரண்டு பல் பதிந்து இரத்தம் வந்திருந்தது. நான் கழுவப் போனேன். "நாய்க்கடியில தண்ணி படக்கூடாதுடா, வெசம் ஏறிரும்" என்று அப்பத்தா தடுத்தார். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசினார். "குட்டிதானே, காலையில பச்சிலை வாங்கிக்கலாம்" என்றார்.

ஐந்து மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதியவன் அங்கேதான் நின்றேன். வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் அப்பத்தா சொல்லுக்கு மறுசொல் கிடையாது. இரண்டு ஆண்டு கல்லூரிக்குப் போய்விட்டுப் பெரியவர்களுக்குப் புத்தி சொல்கிறான் என்று பெயர் வந்துவிடுமோ என்று கூசினேன். அன்று பகல் முழுவதும் அப்படியே கழிந்தது.

இரவு தம்பி விழித்து, "அண்ணே, தண்ணி" என்றான். தம்ளரில் மொண்டு கொடுத்தேன். மடமடவென்று குடித்தான். அவன் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் திண்ணையில் கண்ட அந்தத் தம்ளர் நினைவுக்கு வந்தது. அதன்பின் என்னால் படுக்க முடியவில்லை. அம்மாவை எழுப்பிச் சொன்னேன். அப்பத்தா எழுந்து கோபித்தார். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா ஒரே சொல் சொன்னார்: "படிக்கிற புள்ள சொல்லுது. கேட்டுத்தான் பாப்பமே, அத்தே."

அந்த இரவிலேயே அடிகுழாயில் தம்பியின் காலை வைத்து, சுண்ணாம்பைத் துடைத்து, துணி துவைக்கும் கட்டிச் சோப்பால் கால் மணி நேரம் கழுவினோம். அம்மா குழாய் அடித்தார். அப்பத்தாவே வந்து விளக்கைப் பிடித்தார். "சோப்பு எதுக்குடா?" என்று கேட்டார். வைரஸுக்குக் கொழுப்பால் போர்வை, சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பது போல அதனைக் கரைத்துவிடும், போர்வை போனால் அது செத்துப்போகும் என்றேன். நான் நடத்திய முதல் வகுப்பு அதுதான். காலையில் முதல் பேருந்தில் அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். கடிவாயில் எதிர்ப்பொருள் செலுத்தினார்கள். நான்கு தவணை ஊசியையும் தம்பி தவறாமல் போட்டுக்கொண்டான்.

அவன் இப்போது நலம். ஊசியால்தான் பிழைத்தான் என்று நான் சொல்லப் போவதில்லை. அந்தக் குட்டியை மறுநாள் தேடியும் கிடைக்கவில்லை. அதற்கு நோய் இருந்ததா என்பது எவருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னால் எனக்கும் பச்சிலைக்காரருக்கும் வேறுபாடு இல்லை. தெரியாத நிலையில் பந்தயத்தைத் தோற்காமல் இருக்க வழி செய்தோம், அவ்வளவே.

முடிவுரை

நாய் கடித்தால், அது குட்டியாயினும், உடனே கடிவாயைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுக. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வைக்கலாகாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்க. காலம் தாழ்ந்துவிட்டதே என்று விட்டுவிடவும் வேண்டாம்; அறிகுறி வராத வரையில் ஊசிக்குப் பயன் உண்டு. புண் ஆறிவிட்டது என்று தவணையைப் பாதியில் நிறுத்துதல் கூடாது. வளர்ப்பு நாய்க்கு மறவாமல் தடுப்பூசி போடுக. தெருநாய்களைக் கொல்வதால் நோய் ஒழியாது. பத்தில் ஏழு நாய்களுக்கேனும் தடுப்பூசி போட்டால் நாய்களிடையே பரவுதல் நின்றுவிடும் என்பர் அறிஞர். இவ்வழியில் முயன்ற கோவா, 2021இல் ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலமாக அறிவிக்கப்பட்டது.

நம் கல்லூரியில் பயில்வோரில் பெரும்பாலோர் என்னைப் போலச் சிற்றூர்களிலிருந்து வருகிறவர்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். பெரியவர் முன் பேசக் கூசுவது நம் பண்பு. ஆனால் கடிவாய்க்கும் மூளைக்கும் இடையே உள்ள தவணை நம் கூச்சத்துக்காகக் காத்திருக்காது. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் நண்பர்கள் மரம் நடுவதோடும் சாலை போடுவதோடும், ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி இந்தச் சோப்புக் கதையையும் ஊர்மக்களிடம் சொல்லி வருமாறு கேட்டுக்கொள்கிறேன். தேர்வுத்தாளில் எழுதிய விடை ஐந்து மதிப்பெண் பெறும். வாசலில் சொல்லிய விடை ஓர் உயிரைப் பெறக்கூடும்.